‘வேண்டும்’ என்று காதில் விழுந்த ‘வேண்டாம்’

தஞ்சை மாவட்டத்தில் வேளாண்மை அலுவலராக முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பாதி வயல் வரப்பில் போனது, மீதி பேச்சில் போனது. ஊராட்சிக் கட்டடம், கோயில் மண்டபம், கூட்டுறவு சங்கத் திண்ணை, நெல் களம், கல்லூரிக் கருத்தரங்கம் என்று பேசாத இடம் இல்லை. ஓய்வுபெற்ற பிறகு, புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கூட்டத்தில் நின்று பேசப் பயிற்சி கொடுக்கிறேன். என்ன பேசுவது என்பதை அவர்கள் நன்றாகவே படித்துவிட்டு வருகிறார்கள். அது எதிரே இருப்பவர் காதில் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத்தான் யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை.

எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது ஒரு பெரியவரின் வயல். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது ஆண்டு, சம்பாப் பருவம். புகையான் பூச்சி தலைகாட்டத் தொடங்கிய நேரம். பாபநாசம் பக்கத்து ஊர் ஒன்றில், கோயில் மண்டபத்தில் நாற்பது ஐம்பது விவசாயிகள் கூடியிருந்தார்கள். தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள், யூரியா மேலுரம் போட வேண்டாம் என்று சொன்னேன். தழைச்சத்து கூடினால் பயிர் கொழுகொழுவென்று வளரும். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அது விருந்து. பத்து நாள் கழித்து அந்த ஊருக்குப் போனால், ஒரு வயலில் வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்து கிடந்தது. வரப்பில் நின்றிருந்த பெரியவர் சொன்னார்: “நீங்கள் சொன்னபடிதான் அம்மா செய்தேன். தண்ணீரை வடித்தேன், யூரியாவும் போட்டேன்.”

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கூட்டத்தில் அவர் உட்கார்ந்திருந்த இடம் எனக்கு நினைவிருந்தது: கடைசி வரிசை, தூணுக்குப் பக்கம். நான் ‘வேண்டாம்’ என்றது அவருக்கு ‘வேண்டும்’ என்று கேட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்துதான் வேறுபாடு. அந்த எழுத்தை நான் விழுங்கிவிட்டேன்.

வாக்கியத்தின் வால்

தமிழில் வினை கடைசியில் வருகிறது. செய்யலாமா கூடாதா, உண்டா இல்லையா என்பதெல்லாம் வாக்கியத்தின் வாலில்தான் இருக்கிறது. பேசுகிறவர் அந்த இடத்துக்கு வந்து சேரும்போது மூச்சு தீர்ந்திருக்கும், மனம் அடுத்த வாக்கியத்துக்குத் தாவியிருக்கும், கண் கையிலிருக்கும் தாளுக்குப் போயிருக்கும். குரல் இறங்கி, கடைசிச் சொல் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். முன்வரிசையில் இருப்பவர் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார். பின்னால் இருப்பவர் தன் மனத்துக்குத் தோன்றியதை இட்டு நிரப்பிக்கொள்வார். தவறாக நிரப்பிக்கொண்டது அவருக்கே தெரியாது.

ஆகவே என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் வாரம் முழுக்க ஒரே வேலைதான்: வாக்கியத்தை எடுத்த குரலிலேயே முடிப்பது. இதற்கு வழி மூச்சில் இருக்கிறது. “புகையான் தெரிந்த வயலுக்கு யூரியா மேலுரம்” என்ற இடத்தில் நிறுத்துங்கள். வாயை மூடி, மூக்கால் ஒரு சின்ன மூச்சு எடுங்கள். பிறகு “போட வேண்டாம்” என்று சொல்லுங்கள். வினைக்கு முன்னால் இப்படி நிற்பது முதலில் செயற்கையாகத் தோன்றும். கேட்பவர்களுக்கு அப்படித் தோன்றாது. அந்த இடைவெளியில் அவர்கள் தலை நிமிர்ந்து, என்ன சொல்லப் போகிறார் என்று பார்ப்பார்கள்.

அடுத்தது, வாக்கியத்தை வெட்டுவது. பயிற்சிக்கு வந்த ஒரு பெண் எழுதிக்கொண்டு வந்த வாக்கியம் இது: “புகையான் தாக்குதல் தென்படும் வயல்களில் தேங்கியுள்ள நீரை வடித்து, தழைச்சத்து உரங்களை இடுவதைத் தாக்குதல் கட்டுப்படும்வரை ஒத்திவைப்பது நல்லது என்பதை விவசாயப் பெருமக்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.” தாளில் குற்றமில்லை. வாயால் சொல்லும்போது இதன் கடைசிச் சொல் ‘தெரிவித்துக்கொள்கிறேன்’. குரலில் மிச்சமிருந்த வலுவெல்லாம் வெறும் மரியாதைச் சொல்லுக்குப் போய்விட்டது. அதை இப்படி மாற்றினோம்: “பூச்சி தெரிந்ததும் தண்ணீரை வடியுங்கள். யூரியாவை நிறுத்துங்கள். பூச்சி குறைந்த பிறகு போடலாம்.” மூன்று முடிவு, மூன்று வேலை. ‘வேண்டாம்’ என்ற சொல்லே இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். காதில் குழம்பக்கூடிய சொல்லுக்குப் பதில் குழம்பாத சொல் இருக்குமானால் அதை எடுத்துக்கொள்வதே நல்லது.

இதற்கு நான் கொடுக்கும் பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம். பத்து வாக்கியம் எழுதுங்கள். சிலவற்றை ‘வேண்டும்’ என்றும் சிலவற்றை ‘வேண்டாம்’ என்றும் முடியுங்கள், வரிசை இல்லாமல் கலந்து. “நடவின்போது எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட வேண்டும். செயற்கைப் பைரித்ராய்டு பூச்சிமருந்து தெளிக்க வேண்டாம். தூரில் பூச்சி இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்.” (பட்டம் என்பது வயலில் நாற்று நடாமல் விடும் இடைவெளி.) உங்கள் துறைக்கு ஏற்ற வாக்கியமாக இருந்தால் போதும். வீட்டில் ஒருவரை மாடியின் மறு கோடியில், உங்களுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லுங்கள். மின்விசிறி ஓடட்டும், தெருவில் வண்டி போகட்டும். ‘வேண்டும்’ என்றால் அவர் வலக்கையைத் தூக்க வேண்டும், ‘வேண்டாம்’ என்றால் இடக்கையை. கத்தக் கூடாது, வழக்கமாகப் பேசும் குரலிலேயே சொல்லுங்கள். முதல் நாள் பத்துக்குப் பத்து யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை. ஐந்தாறு நாளில் வந்துவிடும்.

எண்களும் இப்படித்தான் காலை வாரும். எழுபதும் எண்பதும் தூரத்தில் ஒன்றுபோலக் கேட்கும். தொண்ணூறுக்கும் தொள்ளாயிரத்துக்கும் பத்து மடங்கு வேறுபாடு. முக்கியமான எண்ணை இரண்டு முறை சொல்லுங்கள், முடிந்தால் விரலாலும் காட்டுங்கள். கேட்பவரின் அளவையில் சொல்லுங்கள். எங்கள் கையேடுகள் ஹெக்டேரில் இருக்கும். டெல்டா விவசாயி மா கணக்கில் நினைப்பார். மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். இளம் நாற்றை ஒற்றையாக, இடைவெளி விட்டு நடும் திருந்திய நெல் சாகுபடிக்கு ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும் என்று சொன்னபோது யாரும் அசையவில்லை. “ஒரு மாவுக்கு ஒரு கிலோ” என்று சொன்ன நாளில்தான் சலசலப்பு எழுந்தது. “ஒரு கிலோவா?” என்று ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். அது அதே கணக்குதான். மனக்கணக்கு போடும் வேலையை மேடை ஏறுவதற்கு முன் நாம் செய்துவிட வேண்டும். கேட்பவர் அதைப் போட்டு முடிப்பதற்குள் நாம் மூன்று வாக்கியம் தாண்டிவிடுவோம்.

போய்ச் சேரும் நேரம்

கூட்டத்துக்கு அரை மணி முன்னால் போங்கள். போனதும் மேடையைப் பார்க்காதீர்கள். நேராகக் கடைசி வரிசைக்குப் போய் உட்காருங்கள். அங்கிருந்து என்ன தெரிகிறது? தூண் மறைக்கிறதா? பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறதா? திரையில் எழுத்து தெரிகிறதா? எனக்குத் தெரிந்த நல்ல பேச்சாளர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் இதைச் செய்கிறவர்கள்தான். முன்னதாக வந்துவிட்ட இரண்டு பேரிடம் நாலு வார்த்தை பேசுங்கள். எந்த ஊர், என்ன ரகம் போட்டிருக்கிறீர்கள், மழை எப்படி என்று கேட்டாலே போதும். மேடை ஏறியதும் அந்த இரண்டு முகமும் தெரிந்த முகமாக இருக்கும்.

நடுக்கம் வரும். எனக்குக் கடைசி ஆண்டுவரை வந்தது. நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், தாளைப் பிடித்த கை ஆடும். இது பயத்தைக் கண்ட உடம்பு தன்னைத் தயார்செய்துகொள்வது. தடுக்க முடியாது, தணிக்கலாம். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாகச் செய்யுங்கள். நாலு எண்ணும்வரை இழுத்து, எட்டு எண்ணும்வரை விடுங்கள். ஐந்து முறை செய்தால் படபடப்பு இறங்குவது தெரியும். வெறும் தாளைக் கையில் பிடிக்காதீர்கள், கை ஆடுவதை அது பெரிதாகக் காட்டும். பரீட்சை அட்டையில் செருகிக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு மடக்கு குடியுங்கள்.

முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், மற்றதைச் செய்யாதீர்கள். முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்தவர் நடுவில் ஒரு சொல் மறந்தால் அங்கேயே நின்றுவிடுவார். முதல் இரண்டு வாக்கியம் தடையில்லாமல் வந்துவிட்டால், உங்கள் குரல் உங்கள் காதுக்கே பழகிவிடும். பிறகு குறிப்புகளைப் பார்த்துப் பேசலாம்.

நம் ஊர்க் கூட்டங்களில் விளிச்சொல் பட்டியல் ஒன்று உண்டு. தலைவர், முன்னிலை வகிப்பவர், வரவேற்றுப் பேசியவர் என்று போகும். அதைத் தவிர்க்க முடியாது. பெயரை விட்டுவிட்டால் மனம் புண்படும். தனி அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, நிதானமாக, பிழையில்லாமல் சொல்லி முடியுங்கள். பிறகு அந்த அட்டையைக் கீழே வையுங்கள். இரண்டு நொடி நில்லுங்கள். கூட்டத்தைப் பாருங்கள். அதன் பிறகு உங்கள் முதல் வாக்கியம். “எனக்குப் பேசத் தெரியாது”, “நேரம் குறைவாக இருக்கிறது”, “தயார் செய்ய முடியவில்லை” இவற்றில் எதையும் சொல்லாதீர்கள். வேலையை விட்டுவிட்டு உங்கள் எதிரே வந்து உட்கார்ந்திருப்பவருக்கு அது மரியாதைக் குறைவு.

ஒலிவாங்கி

மைக்கை வாய்க்கு நேர் எதிரே பிடித்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் ‘டப் டப்’ என்று அடிக்கும். நாலு விரல் தூரத்தில், மோவாய்க்கு நேராகச் சற்றுக் கீழே பிடியுங்கள். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்தாதீர்கள். பொத்தினால் வீல் என்று இரையும். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாலும் அப்படித்தான். பெட்டி உங்களுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். தலையைத் திருப்பும்போது மைக்கும் கூடவே திரும்ப வேண்டும். இதைப் பழக வீட்டில் ஒரு கரண்டியைப் பிடித்துக்கொண்டு பேசினாலே போதும். “கேட்கிறதா?” என்று கேட்டுக்கொண்டு மைக்கைத் தட்டாதீர்கள். கடைசி வரிசையில் இருப்பவரைப் பார்த்து, “ஐயா, அங்கே கேட்கிறதா?” என்று கேளுங்கள். கூட்டத்தில் அவரோடு உங்களுக்கு உறவு அங்கேயே தொடங்கிவிடும்.

யாரைப் பார்ப்பது

கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, பின்சுவரைப் பார்த்துப் பேசு என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். அது தவறு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். சுவர் உங்களுக்கு எதுவும் திருப்பிச் சொல்லாது. ஒரு முகத்தைப் பாருங்கள். ஒரு வாக்கியம் முழுவதையும் அவரிடமே சொல்லி முடியுங்கள். பிறகு வேறு மூலையில் இன்னொருவருக்கு அடுத்த வாக்கியம். ஒரு முகம், ஒரு வாக்கியம். இப்படிச் செய்தால் வாக்கியத்தின் வாலும் தானாகவே நிமிரும். ஒருவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சொல்லை விழுங்குவது கடினம்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் கூட்டங்களில் நாற்காலியில் ஆண்கள் இருப்பார்கள். பெண்கள் ஓரமாக, வாசல் பக்கம், பாதிப் பேர் நின்றுகொண்டு இருப்பார்கள். பேசுகிறவர் கண் நாற்காலிகளை விட்டு நகராது. நடவு நடுகிறவர்கள் யார்? பதினாலு நாள் இளம் நாற்றை, ஒற்றை ஒற்றையாக, வேர் மடங்காமல் வைக்க வேண்டும் என்ற செய்தி யாருக்கு வேண்டியது? ஓரத்தில் நிற்கும் அந்தப் பெண்களுக்கு. பல ஆண்டுகள் அந்தச் செய்தியைத் தவறான ஆட்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஊரில் யாரும் கேட்பதில்லை என்று குறைபட்டுக்கொண்டோம். பிறகு நான் மேடையைவிட்டு இறங்கி, வாசல் பக்கம் போய் நின்று அதைப் பேசத் தொடங்கினேன். நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். உங்கள் கூட்டத்திலும் இப்படி ஓரத்தில் சிலர் இருப்பார்கள். சொல்வதைச் செய்யப்போகிறவர் யார் என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கண் அவரிடம் போகட்டும்.

கையை என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். சொல்வதற்கு உதவினால் தூக்குங்கள், இல்லாவிட்டால் சும்மா விடுங்கள். நாற்றுக்கு நாற்று 25 சென்டிமீட்டர் என்று சொல்லும்போது கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, “ஒரு சாணும் அதற்கு மேல் ஒரு விரலும்” என்று காட்டுவேன். கூட்டத்தில் பாதிப் பேர் தங்கள் கையை விரித்துப் பார்ப்பார்கள். அந்த அளவு அவர்களோடு வீட்டுக்குப் போய்விடும்.

திரையும் பொருளும்

திரையைப் பார்க்கும்போது வாய் மூடியிருக்கட்டும். திரும்பிப் பாருங்கள், கூட்டத்துப் பக்கம் திரும்புங்கள், பிறகு பேசுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே பேசினால் உங்கள் குரலைக் கேட்பது திரைதான். எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கவும் வேண்டாம். படிக்கத் தெரிந்தவர் உங்களுக்கு முன்னால் படித்து முடித்திருப்பார், படிக்கத் தெரியாதவருக்கு அது வலிக்கும். பவர்பாயின்ட் ஓடும்போது விசைப்பலகையில் ஆங்கில ‘B’ எழுத்தைத் தட்டினால் திரை கறுத்துவிடும், மறுபடி தட்டினால் படம் வரும். முக்கியமான செய்தியைத் திரை கறுத்திருக்கும்போது சொல்லுங்கள், எல்லோர் கண்ணும் உங்களிடம் இருக்கும். மின்சாரம் போனாலும் பேசி முடிக்க ஒரு பக்கக் குறிப்பு கையில் இருக்க வேண்டும். பகலில், ஓடு வேய்ந்த மண்டபத்தில் புரொஜெக்டர் படம் வெறும் சாம்பல் பூச்சு.

படத்தைவிடப் பொருள் மேல். ஒற்றை நாற்று நட்ட வயலிலிருந்து ஒரு குத்தையும், கொத்தாக நட்ட வயலிலிருந்து ஒரு குத்தையும் மண்ணோடு பெயர்த்து, வேரை அலசிக் கொண்டுபோவேன். ஒன்றில் வேர் வெளுப்பாக, ஒரு முழ அகலத்துக்கு விரியும். மற்றது பழுப்பேறி ஒட்டிக்கிடக்கும். இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பிடித்து, எதுவும் பேசாமல் பத்து நொடி நிற்பேன். பிறகு கூட்டத்துக்குள் கொடுத்துவிடுவேன். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: பொருள் கைமாறிக்கொண்டிருக்கும்போது அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். கையில் வேரைப் பிடித்திருப்பவர் காதால் எதையும் கேட்பதில்லை. அது ஒரு சுற்று வந்து முடியும்வரை காத்திருங்கள். அவர்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்து, அந்த ஐந்து நிமிடத்தில் அவர்களுக்குள் நடந்த பேச்சு என்னுடைய அரை மணி நேரப் பேச்சைவிடப் பயன்பட்டிருக்கிறது.

பதிவு செய்து கேட்பது

கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டு, கடைசி வரிசையில் ஒருவர் மடியில் கொடுத்துவிடுங்கள். சட்டைப்பையிலோ மேசையிலோ வைத்தால் உங்களுக்குக் கேட்ட குரல்தான் பதிவாகும். அவருக்குக் கேட்ட குரல் உங்களுக்குத் தெரியாது. மறுநாள் காலையில் கேளுங்கள், அன்று இரவே கேட்டால் மனம் சோர்ந்துபோகும். முதல் முறை கேட்கும்போது வாக்கிய முடிவுகளை மட்டும் கவனியுங்கள். தேய்ந்துபோன ஒவ்வொரு முடிவுக்கும் தாளில் ஒரு கோடு போடுங்கள். இரண்டாம் முறை ‘வந்து’, ‘அதாவது’, ‘என்ன சொல்ல வருகிறேன் என்றால்’ இவற்றுக்குக் கோடு போடுங்கள். அவை வரும் இடமெல்லாம் அடுத்த சொல்லைத் தேடி நீங்கள் பயந்த இடம். அங்கே சும்மா நின்றால் போதும். உங்களுக்கு நீளமாகத் தெரியும் அந்த மௌனம், பதிவில் கேட்டால் ஒரு நொடிகூட இருக்காது. மூன்றாம் முறை கேட்க வேண்டியதில்லை.

“புரிந்ததா?”

பேச்சின் கடைசியில் “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்தப் பெரியவரும் அன்று ஆட்டினார். யாராவது ஏதாவது கேட்டால், அந்தக் கேள்வியை மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். மற்றவர்களுக்குக் கேள்வி கேட்டிருக்காது. கேள்விகள் முடிந்ததும் நீங்கள் ஒன்று கேளுங்கள், கடைசி வரிசையிலும் ஓரத்திலும் இருப்பவர்களைப் பார்த்து: “நாளைக்கு வயலுக்குப் போனதும் முதலில் என்ன செய்வீர்கள்?” பரீட்சை வைப்பதுபோல் இல்லாமல், ஊர்ப் பேச்சுப்போல் கேளுங்கள்.

அடுத்த சம்பாவில் அதே மண்டபத்தில் இப்படிக் கேட்டேன். இந்த முறை பெரியவர் தூணைவிட்டு நகர்ந்து உட்கார்ந்திருந்தார். “தூரில் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் தண்ணீரை வடிப்பேன். யூரியா மூட்டையைப் பிரிக்க மாட்டேன்” என்றார். வாசலில் நின்ற ஓர் அம்மா, “பட்டம் ஆறு அடிக்கு ஒன்று” என்றார். நான் சொன்னது எட்டு. “நான்தான் தெளிவாகச் சொல்லவில்லை அம்மா” என்று அவரிடம் சொன்னேன். மூச்சு எடுத்துக்கொண்டு, எட்டு விரலைத் தூக்கிக் காட்டி, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மறுபடி சொன்னேன். அவரும் எட்டு விரலைத் தூக்கிக் காட்டினார். மைக்கை அணைத்தேன்.